வேதமூர்த்தி நின்ற தண்ணீர்

வேதமூர்த்தி இறந்துபோன அடுத்த கோடையில், வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் போர்த் க்ளீட் என்ற சின்னக் கடற்கரையில், இடுப்பளவு ஆழத்தில், ஒரு வீட்டுக்கூடம் அகலத்துக்குக் கடல் வெதுவெதுப்பாகிவிட்டது. முதலில் கண்டுபிடித்தது ஒரு நாய். உள்ளே போன நாய் வெளியே வர மாட்டேன் என்றது. அதைப் பிடிக்கப் போனவனும் வெளியே வரவில்லை. இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே போன அவன் பெண்டாட்டி, திட்டை நடுவழியில் விட்டுவிட்டுக் கழுத்துவரைக்கும் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலத்துக்குள் ஊரே அங்கே நின்றது. யாரும் ஆச்சரியப்படவில்லை. அது யார் வேலை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கோடை என்றதும் நம் ஊர்க் கோடையை நினைத்துவிடக் கூடாது. ஆகஸ்ட் மாதத்திலும் ஸ்வெட்டரைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, மேகம் விலகிய கொஞ்ச நேரத்துக்குள் "அடடா, என்ன வெயில்" என்று மெச்சிக்கொள்கிற கோடை அது. கடற்கரைக்கு இறங்கும் பாதை ஒரு கார் அகலம்தான், இருபுறமும் புதர்வேலி, எதிரே இன்னொரு கார் வந்துவிட்டால் யாராவது ஒருவர் மேடுவரைக்கும் ரிவர்ஸிலேயே போயாக வேண்டும். கீழே போய்விட்டால் அரைவட்டமாக மணல், பாறைக் குட்டைகளில் நண்டு, பழைய படகுக் கொட்டகையில் நெஸ்டாவின் தேநீர்க்கடை, அவ்வளவுதான் ஊர். ஊதக்காற்றைப் பாறைகள் தடுத்துவிடுவதால் குழந்தை குட்டிகளோடு வருகிறவர்களுக்குத் தோதான இடம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மணலில் ஓர் இடம் உண்டு. காற்றை மறைக்கும் கோடுபோட்ட துணித்தட்டியை அப்பா எங்கே அடித்தாரோ அங்கேதான் மகனும் அடிப்பான். இடம் மாற்றி அடித்தவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அன்றைக்கு அவனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவும் மாட்டார்கள்.

அந்த மணலில், கற்படிக்குப் பக்கத்தில், ஒரு தமிழ்க் குடும்பத்துக்கும் இடம் உண்டு என்று ஊர் எப்போது தீர்மானித்தது என்பது ஊருக்கே நினைவில்லை. தையல்நாயகி மணப்பாறைக்காரி, நர்ஸ் வேலைக்கு வந்தவள். பிரசவ வார்டில் ஊரின் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள். வேதமூர்த்தி வேதாரண்யத்துக்காரர், அவளைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து, கரையோரக் கிராமங்களுக்குப் பஸ் ஓட்டியவர். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரே குடும்பப் பெயராக இருப்பதால் ஆளைத் தொழிலோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். பால் கறந்து விற்றவர் எம்ரிஸ் பால், கடைக்காரி நெஸ்டா டீ. ஆகவே இவர்கள் வேத் பஸ், தையல் நர்ஸ். அந்த ஒடுங்கிய பாதையில் எதிரும் புதிருமாகக் கார்கள் மாட்டிக்கொண்டால் வேத் பஸ்தான் இறங்கி, முன்பின் தெரியாதவர் கார்ச் சாவியையும் வாங்கி, ஒரு இலைகூட உரசாமல் ரிவர்ஸிலேயே மேடேற்றிக் கொடுப்பார். ஊர் அவரை ஏற்றுக்கொண்டது அந்த வித்தைக்காகத்தான் என்பது எம்ரிஸின் கட்சி; தையல்நாயகி போடும் எலுமிச்சை ஊறுகாய்க்காக என்பது நெஸ்டாவின் கட்சி. அவர்கள் வெல்ஷும் ஆங்கிலமும் கலந்து பேசியதை நம் பேச்சில் சொல்லிக்கொண்டு போவோம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கல்யாணமாகி வந்த முதல் கோடையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு, புடவைக்குமேல் கம்பளிச் சட்டையும் காலுறையுமாக அவள் மணலில் உட்கார்ந்திருக்க, வேதமூர்த்தி பனியனோடு கடலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்.

"வா தையலு! தண்ணி வெதுவெதுன்னு இருக்கு புள்ள!"

கடலே பார்க்காத ஊரில் பிறந்தவள், புதுப் புருஷன் பேச்சை நம்பிவிட்டாள். காலுறையைக் கழற்றினாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், ஓடினாள். கணுக்கால் நனைந்ததும் அவள் போட்ட கூச்சலில் பாறைமேல் இருந்த கடற்புறாக்கள் மொத்தமும் எழுந்து பறந்தன. அந்தத் தண்ணீர் வெட்டியது. உள்ளே நின்ற மனுஷனோ, உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடிக்க, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"பொய்க்காரர்!" என்று தையல்நாயகி மொத்தக் கடற்கரைக்கும் கேட்கக் கத்தினாள். "இனிமே தலைகீழா நின்னு கூப்பிட்டாலும் இந்தக் கடல்ல கால் வெக்க மாட்டேன். என்னைக்கு இந்தத் தண்ணி நெசமா சுடுதோ அன்னைக்கு வர்றேன். போதுமா?"

வருஷா வருஷம் அவர் கூப்பிட்டார், வருஷா வருஷம் அவள் மறுத்தாள். மழைத் தூறலில் கூப்பிட்டார், மகள் பூங்கோதையைத் தோளில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார், முடி நரைத்து முட்டி தேய்ந்த பிறகும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கூப்பிட்டார், அவர் கையைத் தூக்கியதும் கரையில் இருந்தவர்கள் எல்லாம் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுத் தையல்நாயகியின் முகத்தைப் பார்த்தார்கள், அவள் உதட்டைப் பிதுக்கினாள், கரையே கைதட்டியது. "வா தையலு" என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் அந்த ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். அவர் திரும்பி வந்ததும் ஈரத்தைத் துவட்டி, பிளாஸ்கிலிருந்து சுக்குக் காபியை ஊற்றிக் கொடுத்து, "ஏங்க, இந்த வயசுல இது தேவையா?" என்பாள். "சூடாத்தான் இருந்துச்சு," என்பார் நடுங்கிக்கொண்டே. அந்த வீம்பில் இரண்டு பேருக்கும் இருந்த சந்தோஷத்தை வேறு எதிலும் அவர்கள் கண்டதில்லை.

பிறகு ஒரு குளிர்காலத்தில் வேதமூர்த்தி தூக்கத்திலேயே போனார். அஸ்தியைக் கோடியக்கரையில் அவருடைய தம்பி கரைத்தார். அஸ்தி அங்கே போயிற்று, சூடு இங்கே வந்துவிட்டது. எப்படி வந்தது என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் கருவியோடு வந்து பார்த்தார். கருவியில் எப்போதும்போலக் குளிர்தான் காட்டியது. சந்தேகப்பட்டுக் காலை விட்டுப் பார்த்தவர், "ஆ" என்றார், கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார், அடுத்த வருஷத்திலிருந்து குடும்பத்தோடு வந்துகொண்டிருந்தார். கடல் ஏறினால் சூடும் கரைப்பக்கம் வந்தது, கடல் வற்றினால் அதுவும் தள்ளிப் போனது, எப்போது பார்த்தாலும் ஒரு மனுஷனுக்கு இடுப்பளவு ஆழத்திலேயே இருந்தது. வேத் பஸ் நீந்தத் தெரியாதவர், அதற்குமேல் போக மாட்டார் என்று எம்ரிஸ் விளக்கம் சொன்னார், அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு ஊருக்குள் புதுசாகக் குழாய் போட்டால் என்ன நடக்குமோ அதுதான் அங்கேயும் நடந்தது. முதலில் சண்டை, பிறகு முறை. காலையில் மூட்டுவலிக்காரர்கள், உச்சிப்பொழுதில் குழந்தைகள், சாயங்காலம் வலை இழுத்து விறைத்த கைகள். சோப்பு கூடாது, நாய்க்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறாரான சட்டம்: வெளியூர்க்காரர்களுக்கு மூச்சு விடக் கூடாது. அறிமுகமில்லாத கார் மேட்டில் தெரிந்தால் போதும், சுகமாக ஊறிக்கொண்டிருந்த மொத்த ஊரும் தடதடவென்று கரையேறி, கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கிட்டித்து, "ஐயோ, தாங்கல, ஐஸ்" என்று நடுங்கிக் காட்டும். நேர்மைக்குப் பேர்போன பழைய சர்ச் பாடகர்கள்கூட அருமையாக நடுங்கினார்கள். வேதமூர்த்தி சொன்ன பொய்யை ஊரே திருப்பிப் போட்டுச் சொல்கிறதே என்று தையல்நாயகிக்குச் சிரிப்பாக வரும், சிரித்து முடிக்கும்போது கண்ணில் நீர் நிற்கும்.

ஆனால் அவள் மட்டும் தண்ணீரில் இறங்கவில்லை.

முதல் நாளே நெஸ்டா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "தையல், நிஜமாவே சூடா இருக்கு. உனக்காகத்தான். நீதானே சொன்ன?"

தையல்நாயகி காலை இழுத்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள். "சொன்னேன். நான் போனா அவர் சொன்னது நடந்துடுச்சுன்னு ஆயிடும். அப்புறம் எதுக்காக அங்க நிப்பார்? போயிடுவார்."

நெஸ்டாவுக்கு அது உடனே புரிந்தது. ஊருக்கும் ராத்திரிக்குள் புரிந்துவிட்டது. தையல் நர்ஸ் இறங்காதவரைக்கும்தான் அந்தச் சூடு. அதற்குப் பிறகு ஊர் அவளிடம் காட்டிய அன்பில் கொஞ்சம் கள்ளம் கலந்துவிட்டது. தற்செயலாக அவள் எழுந்து புடவையை உதறினால் போதும், யாராவது தேநீரோடு வருவார்கள், யாராவது வீங்கிய கணுக்காலைப் பார்க்கச் சொல்வார்கள், எங்கிருந்தோ ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். அவளுக்கும் எல்லாம் தெரியும். மடியில் குழந்தை, எதிரே கடல், கடலில் ஊரார் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிற புருஷன் என்று கோடைகள் கழிந்தன. ஒரு விதத்தில் அவள் சந்தோஷமாகவே இருந்தாள்.

நெஸ்டாவை மட்டும் குறை சொல்ல முடியாது. அவள் கணவன் கெரைன்ட் பக்கவாதம் வந்து இடதுகை மடங்கிப் போனவன். எத்தனையோ பேர் பார்த்தும் விரியாத அந்தக் கை, வேதமூர்த்தியின் தண்ணீரில் மட்டும் மெல்ல விரியும். தேநீர்க் கடையை அப்படியே விட்டுவிட்டு நெஸ்டா தினமும் அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போவாள்; தையல்நாயகி மணலில் நின்றபடியே, "கட்டைவிரலை முதல்ல, அவசரப்படாத, இப்ப மணிக்கட்டு" என்று சத்தம் போட்டுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பாள். கரைக்கு வந்ததும் கை பழையபடி மூடிக்கொள்ளும். இருந்தாலும் அந்தக் கொஞ்ச நேரம் அவன் நெஸ்டாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வருவான்.

இப்படியே போயிருக்கும். ஆனால் உலகத்தின் மறுகோடியில், ஆக்லாந்தில் குடியிருந்த மகள் பூங்கோதை ஒரு முடிவோடு போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, போன குளிர்ல படியில விழுந்து ராத்திரி பூரா கிடந்திருக்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லித்தான் எனக்கே தெரியும். இனிமே உன்னைத் தனியா விட என்னால முடியாது. இங்க என்கூட வந்துடு."

"இங்க அப்பா இருக்கார்டி."

"தெரியும்மா. ஆனா அப்பா உன்னைத் தூக்கிவிட வர முடியாதுல்ல?"

தையல்நாயகி கோடை முடிகிறவரைக்கும் தவணை வாங்கிக்கொண்டாள். வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்து போனார்கள், அம்மிக்கல்லை எம்ரிஸுக்குக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவர் அதை வாசலில் வைத்துப் பூத்தொட்டி ஏற்றினார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. இறங்காமலே அவள் கிளம்பிவிட்டால் சூடு காலாகாலத்துக்கும் ஊருக்குத்தான் என்று ஒரு கட்சி. அப்படி வாயால் சொல்லவே வெட்கப்பட்டது இன்னொரு கட்சி. வெட்கப்பட்டவர்களும் காலையில் தங்கள் முறைக்குத் தவறாமல் வந்து நின்றார்கள்.

தையல்நாயகிக்குத் தூக்கம் போயிற்று. இறங்கினால் அவர் போய்விடுவார். இறங்காமல் போனால் இவள் வேறு கண்டத்தில் இருக்க, அவர் இங்கே காலாகாலத்துக்கும் தண்ணீரில் நின்று கொண்டிருப்பார். இரண்டில் எது பெரிய பாவம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சரி, ஊராருக்காவது உபயோகமாக இருக்கட்டுமே, நாலு பேர் நடுவில் இருப்பதுதானே அவருக்கும் பிடிக்கும் என்று மனசைச் சமாதானப்படுத்திக் கொண்டிருந்தபோதுதான் எம்ரிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இடுப்பெலும்பு தேய்ந்த மனுஷன், அந்தத் தண்ணீரை விட்டால் நடக்கவே கஷ்டப்படுகிறவர்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் தையல். சொல்லாம எத்தனையோ வருஷமா மென்னு முழுங்கிக்கிட்டிருக்கேன்," என்றார் எம்ரிஸ். "நான் தினம் காலைல உள்ள கால் வெக்கிறேன் இல்லையா, வெச்ச உடனே அந்தத் தண்ணி ஒரு நொடி அசையாம நிக்கும். யாருன்னு பாக்கும். அப்புறம், 'ஓ, நீயா'ன்னு விட்டுடும். கோபமெல்லாம் இல்ல, வேத் அப்படிப்பட்டவனா? ஆனா பாத்துட்டுத்தான் விடும்."

தையல்நாயகி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் அப்படித்தான். யாரும் உன்கிட்ட சொல்ல மாட்டாங்க. தினம் தினம் எத்தனை பேர் கால் வெக்கிறோம், அத்தனை தடவையும் அவன் நீதானோன்னு பாக்கறான். எனக்கு இடுப்பு வலி போகுது, ஆனா கூச்சமா இருக்கு தையல்."

அன்றைக்கு அவள் அழுத அழுகையைக் கேட்டுக் குழந்தைகள் நண்டு பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் அங்கே இதமாக இருக்கிறார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அந்த மனுஷன் ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து ஏமாந்துகொண்டிருப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவரைப் பிடித்துவைத்துக்கொள்ள இறங்காமல் இருந்ததெல்லாம் அவரை அலைக்கழிப்பதாக முடிந்திருக்கிறது. பிரசவ வார்டில் எத்தனை அப்பன்மார்களை வெளியே காக்க வைத்து, கதவைத் திறந்து நல்ல சேதி சொல்லியிருக்கிறாள். சொந்தப் புருஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டாளே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே நெஸ்டாவின் கடைக்குப் போனாள்.

"நாளைக்கு இறங்கப் போறேன்."

நெஸ்டா கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "என்னைப் போன்னு சொல்லச் சொல்லாத தையல். எனக்கு வாய் வராது. நீ என் பொண்ணை உயிரோட எடுத்துக் குடுத்தவ, உன் கால்ல விழுவேன், ஆனா அதை மட்டும் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம். கெரைன்ட் எவ்வளவு நேரம் நிக்கணுமோ நிக்கட்டும். அதுக்கப்புறம்தான் நான் இறங்குவேன்."

மறுநாள் யாரும் முறை கேட்கவில்லை. ஊர் முழுக்க அவரவர் துணித்தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது, யாரும் குடை விரிக்கவில்லை. நெஸ்டா கெரைன்டைக் கூட்டிப் போனாள். வெகுநேரம் நின்றார்கள். அவன் கை விரிந்தது, அவள் முகத்தைத் தடவியது, தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டது. தையல்நாயகி அன்றைக்குப் பயிற்சி எதுவும் சொல்லவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் கரையேறி வந்தபோது நெஸ்டா அவளைத் தாண்டிப் போனாள், பிறகு நின்று, திரும்பி வந்து, அவள் காலுறையைக் குனிந்து தானே கழற்றிவிட்டாள்.

கணுக்காலில் குளிர் வெட்டியது. தையல்நாயகி இந்தத் தடவை கூச்சல் போடவில்லை. முழங்கால், தொடை, இடுப்பு. அங்கே வந்ததும் தண்ணீர் சட்டென்று அசையாமல் நின்றது. பார்த்தது. பிறகு நாலா பக்கமிருந்தும் திரண்டு வந்து அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டது, கோடியக்கரையில் மத்தியான வெயில் காய்ந்த அலையின் அதே சூடு, சுக்குக் காபியின் சூடு, குளிர்ராத்திரிகளில் போர்வைக்குள் அவள் பாதத்தைத் தேடி வந்த பாதத்தின் சூடு. சொல்ல வேண்டும் என்று ராத்திரி முழுக்க எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"வந்துட்டேங்க," என்றாள். "வெதுவெதுன்னுதான் இருக்கு. நீங்க சொன்னது நெசம்தான். கேட்டுச்சா? நான்தான் தப்பு."

கடல் அவளைச் சுற்றிக் குலுங்கியது. விழுந்து விழுந்து சிரிக்கிறார் என்று கரையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. அவளும் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க, பாதத்திலிருந்து மெதுவாக, தண்ணீர் குளிர ஆரம்பித்தது. முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது, இடுப்பில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது, பிறகு விட்டது.

கெரைன்டின் கை அதற்கப்புறம் விரிந்ததா என்று கேட்டால், இல்லை. எம்ரிஸ் கோலூன்றித்தான் நடந்தார். ஊர் மறுபடியும் வெளியூர்க்காரர்களிடம் உண்மையையே பேசிக்கொண்டிருந்தது. அதெல்லாம் பிறகு.

இப்போது தையல்நாயகி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். அந்தக் குளிர் எலும்பைத் தேடிப் போயிற்று. கணுக்கால் நனைந்ததற்கே ஓடி வந்தவள் அவள், இதன் முழுக்குளிரை அறிந்ததே இல்லை. இதிலா நின்றார்? வருஷா வருஷம், மழையிலும் காற்றிலும், தன் ஒருத்தி முகத்தில் ஒரு பிதுக்கலைப் பார்க்க, கரையே சிரிக்க, இத்தனை குளிரிலா நின்று வெதுவெதுப்பாக இருக்கிறது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்? உதடு மரத்தது, பல் கிட்டியது, கை நடுங்கியது. அவர் நின்ற இடத்தில் அவர் பட்டது அத்தனையும் தன் உடம்பில் ஏறட்டும் என்று அவள் அசையாமல் நின்றாள்.

கரையில் ஊரே எழுந்து நின்றுவிட்டது. நெஸ்டா பெரிய துவாலையை விரித்துப் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரைக்கும் தண்ணீரில் இறங்கி, அழுதுகொண்டே கத்தினாள்.

"தையல், போதும், வெளிய வா! விறைச்சுப் போயிடுவ!"

தையல்நாயகி திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் யாருக்கும் புரியாத தமிழில் பதில் சொன்னாள்.

"இருங்க, இப்பத்தான வந்தேன்."